பார்வையாளருக்கு நீங்கள் தர வேண்டியவை: கிரிக்கெட் வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவர், செயலாளர், உச்சக் குழு உறுப்பினர்கள் ஆகியோருக்கும் மாநிலச் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி அரங்கின் வாயில்களில் நெரிசலில் சிக்கி 11 பேர் இறந்தார்கள். தங்கள் அணி 18ஆவது ஐபிஎல் பருவத்தில் முதன்முறையாகக் கோப்பையை வென்றதைக் கொண்டாட வந்தவர்கள் அவர்கள். பள்ளிச் சிறுமி ஒருத்தியும் அவர்களில் இருந்தாள். அதே மாதத்தில் நீங்கள் கூடி, இனி வெற்றி விழாக்களை எப்படி நடத்த வேண்டும் என்று நெறிமுறை வகுக்க மூவர் குழு ஒன்றை அமைத்தீர்கள். அது செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் கோப்பை வெல்லும் நாள் ஓர் அணிக்கு எப்போதோ ஒருமுறை வருவது. ஆட்ட நாளோ ஆண்டு முழுவதும், ஊர் ஊராக, வந்துகொண்டே இருப்பது. அந்தச் சாதாரண ஆட்ட நாளில் டிக்கெட் வாங்கி, வரிசையில் நின்று, சோதனைக்கு உட்பட்டு, வெயிலில் அமரும் மனிதருக்கு அரங்கு எதற்கெல்லாம் பொறுப்பு என்ற கேள்வியை உங்கள் குழு தொடவில்லை. நான் சென்ற அரங்குகளின் வாயில்களில் எல்லாம், கொண்டுவரக் கூடாத பொருட்களின் பட்டியலைப் பெரிய எழுத்தில் பார்த்திருக்கிறேன். பார்வையாளருக்கு அரங்கு தர வேண்டியவற்றின் பட்டியலை ஒரு வாயிலிலும் பார்த்ததில்லை. அதைப் பேசாமல் விட முடியாததால் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் சென்னையில் கணித ஆசிரியையாக இருக்கிறேன். பள்ளிச் சிறுமியாக இருந்தபோது என் தந்தை என்னைச் சேப்பாக்கத்துக்கு அழைத்துச் சென்றது 1988ஆம் ஆண்டின் பொங்கல் டெஸ்டுக்கு. மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக நரேந்திர ஹிர்வானி தம் முதல் டெஸ்டிலேயே 16 விக்கெட் எடுத்த ஆட்டம் அது. அம்மா கட்டித் தந்த எலுமிச்சைச் சாதமும் தயிர்சாதமும், மூடி போட்ட கூஜாவில் தண்ணீரும், வெயிலுக்குத் தலையில் போட ஒரு துண்டும் எங்களோடு வந்தன. எங்களைச் சுற்றியிருந்த எல்லாக் குடும்பங்களும் அப்படித்தான் வந்திருந்தன. ஊறுகாய் கைமாறும், ஸ்கோர் எழுதும் நோட்டுப் புத்தகம் கைமாறும், பக்கத்தில் இருப்பவர் யார் என்று தெரியாமலேயே ஒரு நாள் முழுதும் உறவினரைப் போல் இருந்துவிட்டுப் பிரிவோம். கிரிக்கெட்டை நான் கற்றது அங்கேதான்.

1999 ஜனவரி 31 அன்றும் அதே அரங்கில் இருந்தேன். பாகிஸ்தானுக்கு எதிராக வெற்றிக்கு 271 ஓட்டங்கள் வேண்டும். முதுகு வலியோடு ஆடிய சச்சின் 136 எடுத்து ஆட்டமிழந்தபோது இன்னும் 17 ஓட்டங்கள் மட்டுமே தேவை. கடைசியில் 12 ஓட்டங்களில் தோற்றோம். கடைசி விக்கெட் விழுந்த பின் அரங்கு வாயடைத்துப் போயிற்று. பிறகு எங்கோ ஓரிடத்தில் தொடங்கிய கைதட்டல் கேலரி கேலரியாகப் பரவியது; மொத்த அரங்கும் எழுந்து நின்றது; பாகிஸ்தான் அணி அந்தக் கைதட்டலுக்கு நடுவே மைதானத்தைச் சுற்றி வந்தது. என் பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டே கைதட்டிய ஒரு பெரியவரின் முகம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. இந்த நாட்டின் கிரிக்கெட் பற்று என்று உலகம் வியக்கிறதே, அதன் தரம் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் அந்த மாலைதான். ஆகவே, ‘நம் கூட்டத்தை வேறு எப்படிக் கையாள்வது’ என்ற கேள்வியோடு என் குறைகளைத் தள்ளிவிட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பற்றின் மீதுதான் வாரியம் நிற்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1983இல் கபில்தேவின் அணி லார்ட்ஸில் உலகக் கோப்பையை வென்று வந்தபோது வீரர்களுக்குப் பரிசளிக்க வாரியத்திடம் போதிய பணம் இல்லை. லதா மங்கேஷ்கர் தில்லியில் ஊதியம் வாங்காமல் கச்சேரி செய்தார். மக்கள் டிக்கெட் வாங்கிக் கேட்டார்கள். அந்த வருமானத்திலிருந்து வீரர் ஒவ்வொருவருக்கும் ஒரு லட்ச ரூபாய் கிடைத்தது. 1995இல், ஒளிபரப்பு உரிமை குறித்து வங்காள கிரிக்கெட் சங்கம் தொடர்பான வழக்கில், வான் அலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாரியத்தின் தொலைக்காட்சி வருமானம் வளர்ந்த பாதையில் அந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்குண்டு. 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமைகளை நீங்கள் 48,390 கோடி ரூபாய்க்கு விற்றீர்கள். தொலைக்காட்சி நிறுவனங்கள் அந்தத் தொகையைத் தருவது இருபத்திரண்டு வீரர்களின் ஆட்டத்துக்காக மட்டும் அல்ல. நிறைந்த கேலரிகள், ஒவ்வொரு பந்துக்கும் எழும் அந்த முழக்கம், கன்னத்தில் கொடி வரைந்த குழந்தையின் முகம், எல்லாம் சேர்ந்துதான் அந்த ஒளிபரப்பு. வெறும் நாற்காலிகளுக்கு முன் நடக்கும் ஆட்டம் எப்படி இருக்கும் என்பதைக் கொரோனா காலம் நம் அனைவருக்கும் காட்டிவிட்டது.

இனி நான் கண்டதைச் சொல்கிறேன். எந்த அரங்கு என்று குறிப்பிட எனக்கு விருப்பமில்லை. ஓர் அரங்கின் பெயரைச் சொன்னால் அந்தச் சங்கத்திடம் விளக்கம் கேட்டு அந்தக் கோப்பினை மூடிவிட முடியும். ஒரு பகலிரவு ஆட்டத்துக்கு என் மகளோடும் என் அண்ணனோடும் சென்றிருந்தேன். அண்ணனுக்கு நீண்ட நாளாகச் சர்க்கரை நோய், இன்சுலின் போட்டுக்கொள்பவர். வாயிலில் தண்ணீர் பாட்டில்களை வாங்கிக் கீழே போட்டார்கள், அது எதிர்பார்த்ததுதான். குடையை வாங்கினார்கள். மகளின் பவர் பேங்கை வாங்கினார்கள். சட்டைப் பையிலிருந்த சில்லறைக் காசுகளைக்கூட எடுத்து ஓர் அட்டைப் பெட்டியில் போடச் சொன்னார்கள். பெட்டியில் ஒரு ரூபாயும் ஐந்து ரூபாயும் பத்து ரூபாயுமாகப் பாதி அளவுக்கு நாணயங்கள் கிடந்தன. அது யாருக்குப் போகும் என்று கேட்டேன், பதில் இல்லை. கடைசியில் அண்ணனின் பையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டையும் எடுத்தார்கள். சர்க்கரை திடீரென்று இறங்கினால் அவருக்கு அது மருந்துக்குச் சமம் என்று எடுத்துச் சொன்னோம், மருத்துவர் சீட்டையும் காட்டினோம். அந்தக் காவலாளி இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார்; தமக்கு அதிகாரமில்லை என்றார். யாருக்கு அதிகாரம் உண்டு, அவர் எங்கே இருப்பார் என்று கேட்டதற்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. பைகளை வைத்துவிட்டுப் போக அரங்கில் இடம் கிடையாது. எதிர்ச் சாரியில் ஒரு பெட்டிக் கடைக்காரர் பைக்கு இவ்வளவு, ஹெல்மெட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு சீட்டு எழுதித் தந்தார். அவரிடம் இருந்த ஏற்பாடு அரங்கிடம் இல்லை.

உள்ளே எங்கள் பகுதியில் குடிநீர்க் குழாய் இல்லை. பெரிய பாட்டிலைத் தோளில் சுமந்து வந்தவர் காகிதக் குவளையில் ஊற்றி விற்றார். இரண்டு மிடறுக்குக் காணாத அந்தக் குவளைக்கு வெளியே ஒரு முழு பாட்டிலின் விலை. இடைவேளையில் அதுவும் தீர்ந்துவிட்டது. அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டிக் கை நடுங்கத் தொடங்கியபோது, பின்வரிசையில் இருந்த ஒரு பெண் தன் குழந்தைக்கு வாங்கி வைத்திருந்த குளிர்பானத்தை நீட்டினார். ஊர் பேர் தெரியாத அந்தப் பெண்ணின் கருணையால் அன்று நாங்கள் தப்பினோம்.

பாட்டில் தடைக்குக் காரணம் இருப்பதை நான் மறுக்கவில்லை. 1996 மார்ச் 13 அன்று ஈடன் கார்டன்ஸில் உலகக் கோப்பை அரையிறுதியின்போது பாட்டில்கள் வீசப்பட்டு, இருக்கைகளுக்குத் தீ வைக்கப்பட்டு, ஆட்டம் இலங்கைக்குத் தரப்பட்டது. அன்று நடந்தது வெட்கக்கேடு. வீரர்களின் பாதுகாப்பில் சமரசம் கூடாது. ஆனால் ஒருவர் கையிலிருந்து தண்ணீரைப் பறிக்கும் அமைப்பு, அந்த நொடி முதல் அவருக்குத் தண்ணீர் தரும் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது. இதை நீங்களே ஒருமுறை ஒப்புக்கொண்டீர்கள். 2023 அக்டோபர் 5 அன்று, உலகக் கோப்பை தொடங்கிய நாளில், நாடெங்கும் உள்ள அரங்குகளில் பார்வையாளர்களுக்குக் குடிநீர் இலவசமாக வழங்கப்படும் என்று அப்போதைய செயலாளர் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. ஓராண்டு கழிந்தது. 2024 அக்டோபர் 24 அன்று புனே அருகே கஹுஞ்சேயில் நியூசிலாந்துக்கு எதிரான டெஸ்டின் முதல் நாள், பெரும்பகுதி கூரையில்லாத அந்த அரங்கில், உணவு இடைவேளையில் தண்ணீர் இல்லை. மக்கள் தடுப்புகளைத் தாண்டிக் குதித்துத் தண்ணீர் தேடினார்கள், சங்கத்துக்கு எதிராக முழக்கமிட்டார்கள். மகாராஷ்டிரச் சங்கம் மன்னிப்புக் கேட்டது, அதை மதிக்கிறேன். ஆனால் டெஸ்ட் ஆட்டம் பார்க்க இன்று கூட்டம் வருவதில்லை என்று கவலைப்படும் வாரியம், வேலை நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு டெஸ்ட் பார்க்க வந்தவர்களை இப்படி நடத்தியதை அந்த ஒரு மன்னிப்போடு விட்டிருக்கக் கூடாது. 2023இன் அறிவிப்பு ஒரு தொடருக்கான சலுகையாக இல்லாமல் நிரந்தர விதியாக ஆகியிருந்தால் புனேயில் அது நடந்திருக்காது.

கழிப்பறைகளைப் பற்றிப் பேசக் கூச்சப்படுபவர்கள் இருக்கலாம். ஒரு பெண்ணாக எனக்கு அந்த வசதி இல்லை. நான் சொன்ன அதே அரங்கில் பெண்கள் கழிப்பறைக்கு ஓர் இன்னிங்ஸின் பாதி நேரம் நின்றோம். ஆண்கள் பகுதிக்கு இருந்த வாயில்களில் ஒரு சிறு பங்கே எங்களுக்கு. உள்ளே ஓர் அறையில் விளக்கில்லை, ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை. இரண்டாவது இன்னிங்ஸ் தொடங்குவதற்குள் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. நாப்கின் போடுவதற்கு மூடியுள்ள தொட்டி எங்கும் இல்லை. கல்லூரி அணியில் சுழற்பந்து வீசும் என் மகள், அன்று மாலை முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்தாள். காரணத்தை வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னாள். 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் ஹர்மன்பிரீத் கௌரின் அணி உலகக் கோப்பையை வென்றபோது, அரங்கில் பெண்களும் சிறுமிகளும் திரண்டிருந்த காட்சியை நீங்கள் பெருமையோடு உலகுக்குக் காட்டினீர்கள். அந்தச் சிறுமிகள் மறுபடி மறுபடி அரங்குக்கு வர வேண்டும் என்று நினைத்தால், அவர்களுக்குத் தேவைப்படும் முதல் கட்டுமானம் எது என்று எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வார்.

சக்கர நாற்காலியில் வருபவரின் நிலை இதைவிடக் கடினம். அன்று ஒரு முதியவரை அவருடைய மகனும் இன்னொருவரும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படியேறினார்கள். மேலே சென்ற பின் நாற்காலியை வைக்க இடமில்லாமல், அவரை நடைபாதையோரம் உட்கார வைத்தார்கள். முன்வரிசையினர் எழுந்து நிற்கும்போதெல்லாம் அவருக்கு ஆட்டம் மறைந்தது. பொதுமக்கள் வந்து செல்லும் கட்டடங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும் என்பதை 2016ஆம் ஆண்டின் சட்டம் உரிமையாக்கியிருக்கிறது. இதைச் சலுகையாக நான் கேட்கவில்லை.

டிக்கெட்டுக்கு வருகிறேன். இதில்தான் மக்களின் பற்று அதிகமாக அவமதிக்கப்படுகிறது. இணையத்தில் விற்பனை தொடங்கும் நேரத்துக்கு முன்பே காத்திருந்து, திரையில் நமக்கு முன்னால் லட்சக்கணக்கானோர் இருப்பதாக வரும் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்து, நம் முறை வரும்போது குறைந்த விலைப் பகுதிகள் எல்லாம் சாம்பல் நிறத்தில் அடைபட்டிருப்பதை எத்தனையோ பேர் கண்டிருக்கிறார்கள், நானும் கண்டிருக்கிறேன். ஆட்ட நாளில் அதே பகுதியின் டிக்கெட்டுகள் அரங்குக்கு வெளியே பல மடங்கு விலைக்குக் கைமாறுவதையும் கண்டிருக்கிறேன். 2023 நவம்பரில் ஈடன் கார்டன்ஸில் நடந்த இந்தியா - தென்னாப்பிரிக்கா ஆட்டத்தின் டிக்கெட்டுகள் கள்ளச் சந்தையில் விற்கப்பட்டதாக எழுந்த புகாரில் கொல்கத்தா காவல் துறை நோட்டீஸ் அனுப்பும் அளவுக்குப் போனது.

அந்த ஆட்டம் இடம்பெற்ற 2023 உலகக் கோப்பையின் ஏற்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் நடந்த 2019 உலகக் கோப்பைக்கான அட்டவணையை, தொடர் தொடங்க ஓராண்டுக்கும் மேல் இருந்தபோதே, 2018 ஏப்ரலில் வெளியிட்டுவிட்டார்கள். டிக்கெட்டுகளுக்குப் பொதுக் குலுக்கல் நடத்தினார்கள். நம் நாட்டில் 2023 தொடருக்கான அட்டவணை தொடக்கத்துக்குச் சரியாக 100 நாட்களுக்கு முன், ஜூன் 27 அன்று வெளிவந்தது. அதை நம்பி ரயிலிலும் விடுதியிலும் இடம் பிடித்தவர்கள் இருக்க, ஆகஸ்டில் 9 ஆட்டங்களின் நாளோ நேரமோ மாற்றப்பட்டது. அகமதாபாத்தில் நடக்கவிருந்த இந்தியா - பாகிஸ்தான் ஆட்டமும் அவற்றில் ஒன்று. டிக்கெட் விற்பனை ஆகஸ்டு இறுதியில்தான் தொடங்கியது. கைப்பேசியில் காட்டும் மின் டிக்கெட் செல்லாது, அச்சிட்ட டிக்கெட்டையே வாங்கிவர வேண்டும் என்றும் சொன்னீர்கள். ரயில் பயணமும் விமானப் பயணமும் கைப்பேசித் திரையைக் காட்டியே நடக்கும் நாட்டில், வெளியூர்க்காரர் ஒருவர் டிக்கெட்டை வாங்குவதற்கென்றே ஒரு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. இவ்வளவுக்கும் பிறகு 12,50,307 பேர் அந்தத் தொடரைக் காண அரங்குகளுக்கு வந்தார்கள். உலகக் கோப்பை வரலாற்றில் அதுவே அதிகம் என்று சர்வதேசக் கிரிக்கெட் அமைப்பான ஐசிசி அறிவித்தது. மக்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள்.

நேரடி விற்பனை நடக்கும் இடங்களின் கதை இன்னும் பழையது. 1969 டிசம்பரில் கொல்கத்தாவில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்டுக்கு டிக்கெட் வாங்கத் திரண்ட கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 6 பேர் இறந்தார்கள். 2022 செப்டம்பர் 22 அன்று ஹைதராபாத் ஜிம்கானா மைதானத்தில் டிக்கெட் விற்பனையின்போது நெரிசலும் தடியடியும் நடந்து பலர் காயமடைந்தார்கள். 2025 பிப்ரவரியில் ஒடிசாவின் கட்டக் நகரில் இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்துக்கான டிக்கெட் வரிசையில் மக்கள் மயங்கி விழுந்தார்கள். ஒவ்வொரு முறையும் ‘எதிர்பாராத கூட்டம்’ என்ற விளக்கம் வருகிறது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக வந்துகொண்டிருக்கும் கூட்டத்தை எதிர்பாராதது என்று எப்படிச் சொல்ல முடியும்?

டிக்கெட் பங்கீட்டுக்கு உங்களிடம் விதியே இல்லை என்றும் சொல்ல முடியாது. வாரியத்தைச் சீர்திருத்த உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழுவின் பரிந்துரைகளையொட்டி 2018இல் அந்த நீதிமன்றம் ஏற்ற வாரியத்தின் சாசனம் வந்த பிறகு, இருக்கைகளில் 90 விழுக்காடு பொது விற்பனைக்கு, இலவச அனுமதிச் சீட்டுகள் 10 விழுக்காட்டுக்குள் என்ற கட்டுப்பாடு வந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் இந்தூரில் மேற்கிந்தியத் தீவுகளோடு நடக்கவிருந்த ஒருநாள் ஆட்டம் விசாகப்பட்டினத்துக்கு மாற்றப்பட்டதற்குக் காரணமே இந்த இலவசச் சீட்டுகளின் பங்கீட்டில் எழுந்த தகராறுதான். இந்த நிகழ்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இலவசச் சீட்டு எத்தனை என்ற கேள்விக்காக ஓர் ஆட்டத்தையே வேறு நகரத்துக்கு மாற்ற முடிந்திருக்கிறது. குடிநீர் இல்லை, கழிப்பறை இல்லை, வாயில் போதவில்லை என்ற காரணத்துக்காக ஓர் ஆட்டத்தை நீங்களாக மாற்றியதை நான் அறிந்ததில்லை. ஆகவே, ‘ஆட்டத்தை நடத்துவது மாநிலச் சங்கம், எங்களுக்கு அதில் அதிகாரமில்லை’ என்ற பதிலை என்னால் ஏற்க முடியாது. எந்த அரங்குக்கு ஆட்டம் என்று முடிவு செய்யும் கைதான் இந்த நாட்டுக் கிரிக்கெட்டில் எல்லாவற்றையும்விட வலிமையான கை.

வாயில்களைப் பற்றி, பெங்களூரு நெரிசலை விசாரித்த நீதிபதி மைக்கேல் டி’குன்ஹா ஆணையம் சொன்னதை நீங்கள் படித்திருப்பீர்கள். சின்னசாமி அரங்கின் அமைப்பே பெருங்கூட்டத்துக்குப் பாதுகாப்பற்றது, அதன் வாயில்கள் நேரே நடைபாதையிலும் சாலையிலும் திறக்கின்றன என்பது அதன் முடிவு. அதன் பிறகு மகளிர் உலகக் கோப்பை ஆட்டங்கள் அங்கிருந்து நவி மும்பைக்குப் போயின. ஆனால் அந்த அரங்கு 2025இல் திடீரென்று அப்படி ஆகிவிடவில்லை. அதே வாயில்கள் வழியாகத்தான் பல்லாண்டுகளாக மக்கள் முட்டி மோதிக்கொண்டு உள்ளே போனார்கள். நகரின் நடுவே, பழைய சாலைகளுக்கு இடையே அமைந்த அரங்குகள் நம் நாட்டில் இன்னும் உண்டு. அவற்றின் வாயில்களை யார், எப்போது அளந்து பார்த்தார்கள்? 11 உயிர்கள் போன பிறகு ஓர் அரங்குக்கு நடந்த ஆய்வு, உயிர் போகும் முன்பே மற்ற அரங்குகளுக்கு நடக்க வேண்டும்.

செய்ய முடியாதது எதையும் நான் கேட்கவில்லை என்பதற்கு என் ஊரிலேயே சான்று உண்டு. சேப்பாக்கத்தில் ஐபிஎல் ஆட்டங்களுக்கு வருபவர்கள் டிக்கெட்டைக் காட்டி மெட்ரோ ரயிலிலும் மாநகரப் பேருந்திலும் கட்டணமின்றிப் பயணிக்க ஏற்பாடு செய்தார்கள். ஆட்டம் முடிந்து நள்ளிரவில் வாலாஜா சாலையில் ஆட்டோவுக்குப் பேரம் பேசித் தவித்த குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் நேரில் அனுபவித்திருக்கிறேன். அணி, சங்கம், அரசுத் துறைகள் மூன்றும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் இது நடக்கிறது. ஒரு நகரில் நடப்பது மற்ற நகரங்களில் நடக்காமல் இருக்கக் காரணம் பணம் இல்லாமை அல்ல.

காரணம் என்னவென்று என் மனத்தில் பட்டதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். எப்படி நடத்தினாலும் மக்கள் வருவார்கள் என்ற நம்பிக்கை உங்களுக்கு இருக்கிறது. தண்ணீர் இல்லாவிட்டாலும், நாள் மாறினாலும், தடியடி நடந்தாலும், அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் சில நிமிடங்களில் தீர்ந்துவிடுகிறது. ஆகவே திருத்திக்கொள்ள அவசரம் இல்லை. எங்கள் அன்பையே எங்களுக்கு எதிரான வாதமாக ஆக்கிவிட்டீர்கள். எங்களைப் புறக்கணிப்பில் இறங்கும்படி யாரும் கேட்க வேண்டாம், நாங்கள் வருவோம். விரும்பி வருபவரை வரவேற்க வேண்டிய முறையில் வரவேற்பது விருந்தளிப்பவரின் கடமை. அவர் எத்தனை முறை பொறுத்துக்கொள்வார் என்று பார்ப்பது கடமையாகாது. 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வாரியம் தனியார் சங்கமாகப் பதிவு பெற்றிருந்தாலும் அது ஆற்றுவது பொதுப் பணி என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. பொதுப் பணி ஆற்றுபவர் பொதுமக்களுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்.

என் கோரிக்கைகள் இவை. பார்வையாளருக்கு அரங்கு அளிக்க வேண்டிய வசதிகளை விதிகளாக எழுதி, அடுத்த உள்நாட்டுப் பருவம் தொடங்கும் முன் எல்லா இந்திய மொழிகளிலும் வெளியிடுங்கள். தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியல் தொங்கும் அதே வாயிலில் அதையும் தொங்கவிடுங்கள். இலவசக் குடிநீர் ஒவ்வொரு கேலரியிலும், ஆட்டம் முடியும் வரை, எல்லா ஆட்டங்களுக்கும் கிடைக்க வேண்டும்; இத்தனை இருக்கைக்கு இத்தனை குழாய் என்று அளவு குறியுங்கள். மருத்துவச் சீட்டோடு வருபவரின் மருந்தையும் உணவையும், கைக்குழந்தையின் பாலையும் எந்த வாயிலிலும் பறிக்கக் கூடாது. அதை உறுதிசெய்ய ஒவ்வொரு வாயிலிலும் முடிவெடுக்கும் அதிகாரமுள்ள ஒருவர், பெயர் அட்டையோடு, நிற்க வேண்டும். பொருள் வைப்பறை இல்லாத அரங்கு பொருட்களைப் பறிமுதல் செய்யக் கூடாது. பெண்களுக்கான கழிப்பறைகளின் எண்ணிக்கையை உயர்த்துங்கள். ஆட்டம் நடக்கும்போதே அவற்றைத் தூய்மை செய்யும் பணியாளர்களை நியமித்து, அவர்களுக்கு நியாயமான கூலி கொடுங்கள். சக்கர நாற்காலி வைக்கும் மேடையும் சரிவுப் பாதையும் எல்லா விலைப் பகுதிகளிலும் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்த ஏழு நாட்களுக்குள் மொத்த இருக்கைகள் எத்தனை, இணையத்தில் விற்றவை எத்தனை, நேரில் விற்றவை எத்தனை, சங்க உறுப்பினர்களுக்கும் விளம்பரதாரர்களுக்கும் போனவை எத்தனை, இலவசமாகக் கொடுத்தவை எத்தனை என்ற கணக்கை விலைப் பகுதி வாரியாக வெளியிடுங்கள். பெரிய தொடர்களுக்கு அட்டவணையை ஆறு மாதத்துக்குக் குறையாமல் முன்பே அறிவித்து, டிக்கெட்டுகளைக் குலுக்கல் முறையில் கொடுங்கள். வாரியமோ சங்கமோ நாளை மாற்றினால் டிக்கெட் பணத்தைப் பதிவுக் கட்டணத்தோடு சேர்த்துத் திருப்பித் தாருங்கள். சர்வதேச ஆட்டங்களும் ஐபிஎல் ஆட்டங்களும் நடக்கும் எல்லா அரங்குகளின் வாயில்களையும் வெளியேறும் பாதைகளையும் வாரியத்தோடு தொடர்பில்லாத வல்லுநர்களைக் கொண்டு ஆய்வு செய்து, அறிக்கைகளை முழுமையாக வெளியிடுங்கள். குறை தீரும் வரை அந்த அரங்குக்கு ஆட்டம் ஒதுக்காதீர்கள். உச்சக் குழுவில் வீரர்களுக்கு இடம் இருப்பது போல், டிக்கெட் வாங்கி ஆட்டம் பார்க்கும் பார்வையாளர்கள் சார்பில் இருவருக்கு, அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கும்படி, இடம் கொடுங்கள்.

இந்தக் கோரிக்கைகளில் எவற்றை ஏற்கிறீர்கள், எந்தத் தேதிக்குள் நிறைவேற்றுவீர்கள், எவற்றை ஏற்கவில்லை, ஏன் என்று வாரியத்தின் தளத்தில் எழுத்துப்பூர்வமாகப் பதில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
சேப்பாக்கத்துப் பார்வையாளர் ஒருவர்
சென்னை